பால் கணக்குக்குப் பின்னால ஒரு சுற்றறிக்கை

வா அம்மிணி. அந்தக் கயித்துக் கட்டில்ல உக்காரு. மொதல்ல மோரைக் குடி. உன்ற போனை அம்மிச்சிகிட்டக் குடுத்துரு, அவ அரிசி மொடாவுல போட்டு மூடி வெக்கட்டும். நீ இட்டேரி முக்குல திரும்பி வாசல்ல செருப்பைக் கழட்டறதுக்குள்ள அது ஒம்பது தடவை கத்திருச்சு. எண்ணிக்கிட்டேதான் இருந்தேன். நம்ம வெள்ளாட்டுக் குட்டிகூடப் பசிச்சாத்தான் கத்தும்.

காலேஜுல உனக்குப் புதுசா ஏதோ பொறுப்புக் குடுத்திருக்காங்கன்னு உன்ற அம்மா சொன்னா. என்ன பேரு அது? 'கணினிவழிக் கற்பித்தல் கருவிகள் மற்றும் அலுவலகச் செயல்முறைகள் குறித்த தகவல் ஒருங்கிணைப்பாளர்.' அப்பாடி, பேரே பாவு நூலாட்ட நீளமா இருக்குது. சம்பளம் ஏத்தினாங்களா? இல்லையா? செரி, பேரையாச்சும் ஏத்தினாங்கல்ல. ரெண்டுல ஒண்ணு ஏறுனாப் போதாதா நமக்கு.

இந்தக் கெழவனுக்கு என்ன தெரியும், எனக்கு ரோசனை சொல்றானேன்னு நெனைக்காத. உங்க காலேஜு சுற்றறிக்கைகளை முழுசாப் படிச்ச ஒரே ஆளு இந்த உலகத்துல நானாத்தான் இருப்பேன். ஒரு பக்கம் வெள்ளையா இருக்குது, அப்பிச்சி பால் கணக்கு எழுதிக்கட்டும்னு கட்டுக்கட்டாக் கொண்டாந்து போடறியே, அதுல படிச்சேன். காலைல மூணரை லிட்டர், பொழுதோட ரெண்டே முக்கால்னு குறிச்சுட்டு, கண்ணாடி போட்டதே போட்டோம்னு தாளைத் திருப்பியும் பார்த்தர்றது. எனக்கும் பொழுது போகோணுமில்ல.

என்னமா எழுதறாங்க! 'பார்வை ஒன்று, பார்வை இரண்டு'ன்னு ஆரம்பம். பார்வை ரெண்டு இருந்தும் விசயம் கண்ணுக்குத் தெரியறதில்ல. அப்புறம் 'மேற்படி பொருள் தொடர்பாக'ன்னு ஒரு பத்தி. 'துறைத் தலைவர்கள் தத்தம் துறை ஆசிரியர்களுக்கு இதனைத் தெரிவித்து, தெரிவித்தமைக்கான ஒப்புதலை இவ்வலுவலகத்திற்குத் தெரிவிக்குமாறு தெரிவிக்கப்படுகிறது'ன்னு இன்னொண்ணு. நாலு தெரிவிப்பு, ஒருத்தனுக்கும் ஒண்ணும் தெரியல. கடேசிக்கு முந்தின வரில, ஆட்டுப் புழுக்கை கணக்காச் சின்ன எழுத்துல, கெடு தேதி. அது எந்தத் தேதின்னு பார்த்தா, சுற்றறிக்கை வந்ததுக்கு மொத நாளு.

நம்மூர்ல சாயத்தண்ணிக்குப் பொதுச் சுத்திகரிப்பு நிலையம் இருக்குதே, அதை ஒருக்கா உங்க ஆபீசு ஆளுகளுக்குக் காட்டு. 2011 ஜனவரில ஐகோர்ட்டு உத்தரவுல திருப்பூர்ச் சாயப்பட்டறை எல்லாம் மூடினப்போ ஊரே எழவு வீடாட்ட இருந்துச்சு, உனக்கு ஞாபகம் இருக்கும். நொய்யல் ஆத்துல ஒரு சொட்டும் விடக்கூடாதுன்னுட்டாங்க. அப்புறம் என்ன பண்ணினோம்? சாயத்தண்ணியை வடிகட்டி, சவ்வுக்குள்ள அழுத்தி நல்ல தண்ணியைப் பிரிச்சு, மிச்சமாகற உப்பையும் வீணாக்காம மறுபடி சாயத்துக்கே திருப்பற வித்தையைக் கத்துக்கிட்டோம். உங்க சுற்றறிக்கைக்கும் அப்படி ஒரு நிலையம் கட்டச் சொல்லு. இந்த முனைல நாப்பது வரியை ஊத்தினா அந்த முனைல ஒரு கல்லு உப்பு விழுகோணும்: யாரு, எதை, எந்தத் தேதிக்குள்ள. மிச்சம் சகதி, மூட்டை கட்டி அக்கட்டால வெச்சுரு. அதுல பால் கணக்குகூட எழுத முடியாது.

நம்மூர்ல சிக்கண்ணா காலேஜு 1966ல வந்துச்சு, எல்.ஆர்.ஜி. பொம்பளப்புள்ளைக காலேஜு 1971ல. அந்தக் காலத்துல எந்தக் காலேஜா இருந்தாலும் தகவல்னா ஒரே வழிதான். அட்டெண்டரு கக்கத்துல ஒரு நீள நோட்டை இடுக்கிட்டு கிளாஸு கிளாஸாப் போவாரு. வாத்தியாரு சாக்பீஸ் கையோட வெளியே வந்து, படிச்சும் படிக்காமலும் ஒரு கையெழுத்துப் போடுவாரு. கையெழுத்துப் போட்டாச்சுன்னா தகவல் தெரிஞ்சுபோச்சுன்னு அர்த்தம். இப்ப கையெழுத்துக்குப் பதிலாக் கட்டைவிரல் பொம்மை. பத்திரத்துல கைநாட்டு வெக்கறதைக் கேவலம்னு சொல்லித்தான் ஊரெல்லாம் பள்ளிக்கூடம் தொறந்தோம். இப்பப் பாரு, முனைவர் பட்டம் வாங்கினவங்க எல்லாம் நாளைக்கு முப்பது கைநாட்டு வெக்கறாங்க.

எத்தனை வாட்ஸப் குரூப்புல இருக்கறே நீ? டிபார்ட்மென்ட் குரூப்பு. ஸ்டாப் குரூப்பு. ஸ்டாப் அபிஷியலு. ஸ்டாப் அபிஷியலு புதுசு. பரீட்சைக்கு ஒண்ணு, காலேஜுக்குத் தரம் போட நாக் கமிட்டி வர்றதுக்கு ஒண்ணு. அப்புறம் பிரின்சிபாலு இல்லாத ஸ்டாப் குரூப்பு. சிரிக்காத, எனக்கு எல்லாம் தெரியும். அந்தக் கடேசிக் குரூப்புலதானே தகவல் ஒழுங்காப் போய்ச் சேருது? ஏன்னு எப்பவாச்சும் ரோசனை பண்ணிப் பார்த்தியா? அங்கதான் ஒருத்தரு வெக்கப்படாம 'இந்தக் கருமத்தை எங்க போய் அமுக்கறது?'ன்னு கேக்கறாங்க, இன்னொருத்தரு 'இங்க'ன்னு படம் புடிச்சுப் போடறாங்க. மத்த குரூப்புல எல்லாம் 'நோட்டட் சார்' மட்டுந்தான்.

பல்லடத்துல கறிக்கோழிக் கமிட்டி தினமும் பண்ணை விலை சொல்றதைப் பார்த்திருக்கியா? ஒரே ஒரு எண்ணு. உசுருக் கோழி கிலோ இத்தனை ரூபா, முடிஞ்சுது. பண்ணைக்காரன், வியாபாரி, கறிக்கடைக்காரன், கேரளாவுக்கு வண்டி ஏத்தறவன் எல்லாருக்கும் அது போய்ச் சேர்ந்துருது. அதுக்குக் கீழ 'அனைவரும் தவறாது கண்டுணர்க'ன்னு யாரும் எழுதறதில்ல. அந்த எண்ணுல அவனவன் காசு இருக்குது, அதான் தானாத் தேடிப் பார்க்கறான். உன்ற தகவல்ல வாத்தியாருக்கு என்ன இருக்குதுன்னு சொல்லு. 'புதிய மதிப்பெண் பதிவேற்ற வசதி அறிமுகம்'னு போட்டா எவன் பார்ப்பான்? 'இன்டர்னல் மார்க்கை மூணு எடத்துல எழுத வேண்டாம், இனி ஒரு எடம் போதும், அரை மணி நேரம் மிச்சம்'னு போடு. கோழி விலையாட்டப் பறக்கும்.

ஆமா, அந்த அரை மணி நேரம் நெசமாவே மிச்சமாகோணும். அங்கதான் உங்க ஆளுக ஏமாத்தறாங்க. உன்னையே கேக்கறேன். வருகைப் பதிவை நீ நோட்டுல எழுதறே. அதையே காலேஜு சாப்ட்வேர்ல ஏத்தறே. அதையே ஆபீசுக்குன்னு கூகுள் தாள்ல நிரப்பறே. மாசக் கடேசில பிரின்ட் எடுத்துக் கையெழுத்தும் போட்டுக் குடுக்கறே. ஒரே பசுவை நாலு தடவை கறக்கற ஆளை இப்பத்தான் பார்க்கறேன். பனியன் தைக்கப் பவர் டேபிள் போட்டு பதினாலு மெஷின் ஓட்டினவன் நான். புது ஸ்டைலு வந்துச்சுன்னா, பழைய ஸ்டைலோட பேட்டர்ன் அட்டையைக் கட்டிங் டேபிள்லிருந்து மொதல்ல எடுத்து ஆணியில மாட்டிட்டுத்தான் புதுசைத் தொடுவேன். ரெண்டும் டேபிள்ல கெடந்தா என்ன ஆகும்? முன்பக்கம் பழசுல, பின்பக்கம் புதுசுல வெட்டி வெச்சுருவான், நீ போட்டுக்கிட்டுப் போகலாம். புதுசா ஒண்ணைச் சொல்றப்பவெல்லாம் எந்தப் பழசை நாளைலிருந்து விட்டுறலாம்னும் அதுலயே சொல்லு. பிரின்சிபாலு அதுக்கு ஒத்துக்க மாட்டேன்னா புதுசையும் நீ சொல்லாத, பொட்டாட்ட இருந்துக்க.

கொரோனாவுல என்ன நடந்துச்சுன்னு நெனைச்சுப் பாரு. 2020 மார்ச்சுல எல்லாத்தையும் பூட்டிட்டாங்க. நீ இந்தத் திண்ணைலதான் மொடாவைக் கவுத்து, அதும்மேல புஸ்தகத்தை அடுக்கி, போனைச் சாத்தி வெச்சுட்டுப் பற்று எது வரவு எதுன்னு நடத்திட்டிருந்தே. எனக்கு எப்படித் தெரியும்? நான் பாட்டுக்குக் கோவணத்தோட சோளத்தட்டுக் கட்டைத் தூக்கிட்டுப் பின்னால போயிட்டேன். 'மேம், ஒரு தாத்தா போறாருங்க'ன்னு ஒரு பையன். மைக்கை எப்படி அணைக்கறதுன்னு உனக்குத் தெரியல. உன்ற அம்மிச்சி என்னைத் திட்டினது அத்தனையும் அன்னூரு, அவினாசி வரைக்கும் வீடு வீடாக் கேட்டுச்சு. அன்னைக்கு வந்த மானக்கேட்டுக்கு இன்னும் எங்கிட்ட மன்னிப்புக் கேக்கல அவ.

மைக்கை அணைக்கறதை உனக்குச் சொல்லிக்குடுத்தது யாரு? சுற்றறிக்கையா? இல்ல. உன்ற கூட வேலை பார்க்கற பிசிக்ஸ் டீச்சரு ராத்திரி ஒம்பது மணிக்குக் கூப்பிட்டு, 'கீழ மைக்குப் படம் ஒண்ணு இருக்குது பாரு, ஒருக்கா அமுக்கு, குறுக்க கோடு விழுந்துச்சா, அவ்வளவுதான், இப்ப உங்க அம்மிச்சி என்ன வேணும்னாலும் பேசலாம்'னாங்க. சிரிச்சுட்டே கத்துக்கிட்டே. மக்கியா நாளு நீ நாலு பேருக்குச் சொல்லிக்குடுத்தே. 2021ல ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரைக்கும் காலேஜுப் புள்ளைகளுக்கு நாளைக்கு 2 ஜிபி டேட்டா கார்டு இலவசம்னு அரசாங்கம் குடுத்துச்சு, 9.69 லட்சம் பேருக்குன்னு பேப்பர்ல போட்டிருந்தான். புள்ளைகளுக்கு டேட்டாவைக் குடுக்கலாம். மைக்கை எங்க அணைக்கறதுன்னு வாத்தியாருக்குச் சொல்றதுக்குப் பக்கத்துல ஒரு மனுசன்தான் வேணும்.

மனுசனை வெச்சுச் சொல்லிக்குடுக்கோணும்னு அரசாங்கத்துக்கும் தெரியாம இல்ல. அகாடமிக் ஸ்டாப் காலேஜுன்னு 1980கள்லயே யூனிவர்சிட்டிகள்ல ஆரம்பிச்சாங்க, நம்ம பாரதியார் யூனிவர்சிட்டிலயும் ஒண்ணு இருந்துச்சு. அப்புறம் அதே போர்டுல மனிதவள மேம்பாட்டு மையம்னு எழுதினாங்க. 2023 செப்டம்பர் 5, ஆசிரியர் தினத்தன்னைக்கு அதை மாளவியா மிஷன்னு ஆக்கிட்டாங்க. போர்டு எழுதறவன் பொழைச்சான். நல்ல எடந்தான், நான் குறை சொல்லல. ஆனா அங்க போயிட்டு வந்தவரு கத்துக்கிட்டதைப் பக்கத்து மேசைக்குச் சொன்னாரான்னு மட்டும் கேளு. சர்ட்டிபிகேட்டை லேமினேட் பண்ணி வெச்சதோட செரி.

ஸ்வயம்னு ஒண்ணு 2017 ஜூலை 9ல தொறந்தாங்களே. அதுக்குத் 'தானாக'ன்னு அர்த்தமாம். தானாக் கத்துக்கறதாம். உங்க காலேஜுல அதுக்கு ஆளுக்கு ஒரு கோர்ஸு கட்டாயம்னு சுற்றறிக்கை, சேராதவங்ககிட்ட விளக்கம் கேட்டு இன்னொரு சுற்றறிக்கை. தானாகத்துக்கே தார்க்குச்சி! ஐஐடிக்காரங்க 2003லிருந்து என்பிடெல்னு நடத்தறாங்க, நெம்ப நல்ல பாடமெல்லாம் சும்மா கெடைக்குது. எட்டு வாரப் பாடத்தை முடிச்சுப் பரீட்சையும் எழுதிட்டா ஒரு பயிற்சி முகாமுக்குச் சமம்னு கணக்கு வெக்கறாங்க. பாடம் பார்க்கறதுக்குக் காசில்ல, பரீட்சைக்குத்தான் கட்டோணும். இந்த மூணு வரியை ஒருத்தரு ஒழுங்காச் சொல்லியிருந்தா பாதிப் பேரு தானாவே சேர்ந்திருப்பாங்க. நீங்க கட்டாயம்ங்கற ஒரு வார்த்தையை மட்டும் தடித்த எழுத்துல போட்டீங்க.

செரி, இப்ப உனக்கு ஒரு ரகசியம் சொல்றேன். தகவல் ஒருத்தருக்கும் போய்ச் சேரக்கூடாது, ஆனா சேர்த்துட்டோம்னு பைல்ல இருக்கோணும்னா எப்படி நடத்தறது? சனிக்கிழமை மத்தியானம் சோறு தின்னதுக்கப்புறம் ரெண்டு மணிக்கு வை. வெளியூர்லிருந்து ஒரு வல்லுநரைக் கூப்பிடு. அவரு உங்க சாப்ட்வேரைக் கண்ணால பார்த்திருக்கக் கூடாது, அது முக்கியம். குத்துவிளக்குக்கு இருபது நிமிசம், வல்லுநர் அறிமுகத்துக்குப் பதினஞ்சு. தொண்ணூறு ஸ்லைடு. மொத ஸ்லைடுல 'டிஜிட்டல் புரட்சி'ன்னு ஒரு பூமி உருண்டை படம் இருக்கோணும். நடுவுல கேள்வி கேக்க விடாத, 'கடைசியில் கேட்கலாம்'னு சொல்லு, கடேசில பஸ்ஸுக்கு நேரமாயிரும். பயிற்சி முடியறதுக்கு முன்னாலயே கருத்துப் படிவத்தை வாங்கிரு, டீ வந்ததுக்கப்புறம் வாங்கினா உண்மையை எழுதிருவாங்க. பேனரு முன்னால நின்னு ஒரு போட்டோ. போட்டோ நல்லா வந்துச்சுன்னா பயிற்சி வெற்றி. அந்தப் பேனரை எனக்குக் கொண்டாந்து குடு, சாளைல ஒழுகற எடத்துல கட்டிக்கறேன். போன வருசத்துப் பேனரு ஆட்டுப்பட்டிக்குத்தான் ஆச்சு. ஆடுகளுக்கு டிஜிட்டல் அறிவு எச்சாயிருச்சான்னு தெரியல, மழைக்கு நனையல.

நாக் கமிட்டி வந்தப்போ ஒரு காலேஜுல, பேரு வேண்டாம், ஒரம்பரை வர்ற வீடாட்ட வெள்ளையடிச்சு, ஸ்மார்ட் போர்டு ஒண்ணு மாட்டினாங்களாம். உறை கழட்டவே இல்ல. கமிட்டி வந்த அன்னைக்குக் கழட்டினா அதுல எழுதற பேனாவைக் காணோம். பெரிய வாத்தியாரு ஒருத்தரு பதறிப்போயி, சாதாப் பேனான்னு நெனைச்சு அழியாத மார்க்கர்ல 'நல்வரவு'ன்னு எழுதிட்டாரு. இன்னும் நல்வரவுதான். பாடம் நடத்தறப்போ எல்லா ஸ்லைடுக்கும் பின்னால லேசாத் தெரியுதாம்.

அந்தப் பெரிய வாத்தியாரைக் கேலி பண்ணாத. உன்ற வேலைல கஷ்டமான ஆளு அவருதான், நல்ல ஆளும் அவருதான். முப்பது வருசம் கரும்பலகை முன்னால சிங்கமாட்ட நின்னவரு. 'பாஸ்வேர்டு மறந்து போச்சும்மா'ன்னு இருபத்தஞ்சு வயசுப் புள்ளைகிட்டப் போய் நிக்கறதுக்குக் கூச்சம். கம்ப்யூட்டர் ரூமு வாசல்ல மூணு நடை நடந்துட்டு, தண்ணி குடிக்க வந்த மாதிரித் திரும்பிப் போயிருவாரு. அவருக்குச் சொல்லிக்குடுக்கறேன்னு போனேன்னா ஆகாது. நான் ஒரு தந்திரம் சொல்றேன். 'ஐயா, இந்தப் புதுத் திரைல ஏதோ தப்பு இருக்குதுங்க, எங்க கண்ணுக்கு ஆப்படல, நீங்க ஒருக்கா நிரப்பிப் பார்த்தாத்தான் தெரியும்'னு சொல்லிப் பாரு. முப்பது வருசம் விடைத்தாள்ல தப்புக் கண்டுபுடிச்ச கை அது. கண்ணாடியைத் துடைச்சுட்டு உக்காருவாரு. தப்பு ஒண்ணு கண்டும் புடிப்பாரு, அது வேற. அதுக்குள்ள நிரப்பவும் கத்துக்குவாரு. மக்கியா வாரத்துல அவரே நாலு பேரைக் கூப்பிட்டு வெச்சு வகுப்பெடுப்பாரு, நீ ஒண்ணும் தெரியாதவளாட்டப் பின்னால நின்னுக்க.

பனியன் கம்பெனில சுற்றறிக்கை பார்த்திருக்கியா? கெடையாது. பையரு ஒத்துக்கிட்ட சாம்பிள் பீஸை லைனுக்கு மேல தொங்கவிட்டிருப்பாங்க. இஞ்சுக்கு எத்தனை தையலு, கழுத்துல பட்டி எவ்வளவு அகலம், லேபிள் எந்தப் பக்கம், எல்லாம் அதுலயே இருக்கும். ஒடிசாக்காரப் பையன் நேத்து ரயில்ல வந்து எறங்கினவன், தமிழு ஒரு எழுத்துத் தெரியாது, நிமிந்து அதைப் பார்த்துட்டுத் தைப்பான். உங்க ஸ்டாப் ரூமு கம்ப்யூட்டருக்குப் பக்கத்துல அப்படி ஒரு சாம்பிள் தொங்குதா? ஒழுங்கா நிரப்பின ஒரு திரையைப் படம் புடிச்சு, எங்க அமுக்கறதுன்னு சிகப்பு மையில வட்டம் போட்டு, ஒரே தாள்ல ஒட்டு. அது மாறுச்சுன்னா அன்னைக்கே பழசைக் கிழிச்சுரு. நாப்பது பக்கக் கையேட்டை இ-மெயில்ல அனுப்பாத. அதைத் தொறக்கறதுக்கே ஒரு கையேடு வேணும்.

அப்புறம் கைமடி. டைலருக்குப் பக்கத்துல உக்காந்து பீஸை எடுத்துக் குடுத்து மடிச்சு வாங்கற புள்ளையைத்தான் சொல்றேன். திருப்பூர்ல பாதி டைலருக இன்ஸ்டிட்யூட்டுல படிச்சவங்களா? கைமடியா உக்காந்து கையைப் பார்த்துப் பார்த்துக் கத்துக்கிட்டவங்கதான். ஒவ்வொரு டிபார்ட்மென்ட்டுக்கும் அப்படி ஒரு கைமடி போடு. மார்க்கு ஏத்தற மொத வாரம் பக்கத்துல உக்காரட்டும். ஆனா ஒண்ணு, கைமடிக்கும் கம்பெனில கூலி உண்டு. உங்க பக்கம் என்ன பண்றீங்க? போன மாசம் சேர்ந்த இளசு ஒண்ணைப் புடிச்சு, 'நீங்க யங்ஸ்டர், உங்களுக்குத்தான் தெரியும்'னு எல்லாருடைய வேலையையும் அது தலைல கட்டிடறீங்க. வாரத்துல ரெண்டு பீரியடு அதுக்குக் குறைச்சுக் குடுக்கச் சொல்லிப் பிரின்சிபால்கிட்டக் கேளு. முடியாதும்பாரு. மறுபடி கேளு.

ஸ்டாப்புன்னா உனக்குப் பாடம் நடத்தறவங்க மட்டுந்தானா? பீஸ் கவுண்டர்ல உக்காந்திருக்கற அக்காவுக்கு யாரு சொல்றாங்க? லேப் அட்டெண்டருக்கு? கவர்மென்ட் காலேஜுகள்ல கௌரவ விரிவுரையாளருன்னு இருக்காங்களே, பேருல கௌரவம், குரூப்புல எடமில்ல. புள்ளைக மொதல்ல போய்க் கேக்கறது இவங்ககிட்டத்தான். கவர்மென்ட்டுல லீவு போடறதுக்குக்கூடக் களஞ்சியம்னு போன்லயே வந்துருச்சு. களஞ்சியம்னா எனக்குத் தெரிஞ்சது சோளம் கொட்டி வெக்கறது.

இப்பச் சிரிக்காமக் கேளு. கரைப்புதூர்ப் பக்கத்துல ஒரு புள்ளை. கவர்மென்ட் பள்ளிக்கூடத்துல படிச்சுக் காலேஜுக்கு வந்துச்சு. புதுமைப் பெண் திட்டத்துல, 2022 செப்டம்பர்ல ஆரம்பிச்சாங்களே, மாசம் 1000 ரூபா வரோணும். பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன்னு 2024 ஆகஸ்டுல கோயமுத்தூர்ல தொறந்தாங்களே, அதே மாதிரி. இந்தப் புள்ளைக்கு நாலு மாசமாப் பணம் வரல. யுமிஸ்னு சொல்றீங்களே, அந்தத் தளத்துல வகுப்பு வாத்தியாரு எல்லாம் சரியாத்தான் ஏத்தியிருக்காரு. கணக்கு நம்பரும் சரி. ஆனா ஆதாரு இணைஞ்சிருந்தது வேற பேங்குல, பள்ளிக்கூடத்துல தொறந்த பழைய கணக்குல. பணம் மாசாமாசம் அங்க போய் விழுந்துட்டே இருந்துச்சு. அந்தப் பாஸ்புக்கு அட்டாலில எலி கடிச்சுக் கெடந்துச்சு.

ஆயிரம் ரூபா உங்க ஸ்டாப் ரூமுக்குப் பெருசில்ல. நம்மூர்ல ஒரு புள்ளை பனியன் கம்பெனி செக்கிங்ல உக்காந்தாச் சனிக்கிழமை கையில காசு. வீட்டுல அப்பன் கேப்பான், 'காலேஜுக்குப் போயி மாசம் ஆயிரம் வருதுன்னியே, எங்க?'ன்னு. அது லீவுல செக்கிங்குக்குப் போச்சு. காலேஜு தொறந்தும் ரெண்டு மாசம் வரல. அப்புறந்தான் பீஸ் கவுண்டர் அக்கா கண்டுபுடிச்சு, 'ஆதாரு எந்த பேங்குல இருக்குதுன்னு பாரு கண்ணு'ன்னு சொல்லி அனுப்பினா.

ஆதாரைப் பார்க்கச் சொல்லிச் சுற்றறிக்கை வராம இல்ல அம்மிணி. வந்துச்சு. பதினேழாவது குறிப்பு, மூணாம் பக்கம். எங்கிட்டத்தான் இருக்குது, பின்னால ஆடி மாசத்துப் பால் கணக்கு. வேணும்னா எடுத்துக் காட்டறேன்.

பேசுனா எச்சாயிரும், இன்னும் ரெண்டு மூணுதான். தமிழ்ல அனுப்பறதை யூனிகோடுல அடிக்கச் சொல்லு. 2010லயே கவர்மென்ட்டு ஆணை போட்டாச்சு, உங்க ஆபீசு கிளார்க்கு இன்னும் பழைய எழுத்துருவைக் கட்டிட்டு அழறாரு. போன்ல தொறந்தா இங்கிலீசு எழுத்தும் அரைப்புள்ளியுமா எறும்பு ஊருது. மத்தபடி பாஸ்வேர்டைத் தாள்ல எழுதி மானிட்டருக்கு மேல ஒட்டறது, ஒரே பாஸ்வேர்டுல பதினோரு பேரு நுழையறது, இதெல்லாம் சாவியைக் கதவுலயே தொங்கவிட்டுட்டுச் சந்தைக்குப் போற கதை. பிரின்சிபாலு போட்டோவை வெச்சு எவனோ புது நம்பர்லிருந்து 'அவசரம், பணம் அனுப்புங்க'ன்னு கேட்டா, பழைய நம்பருக்குக் கூப்பிட்டுக் கேக்கச் சொல்லு. பணம் போயிருச்சுன்னா 1930, அதை மட்டும் பெரிய எழுத்துல செவுத்துல எழுதி வை. சாட்ஜிபிடி 2022 நவம்பர் கடேசில வந்துச்சு, உங்க வாத்தியாருக அதைத் தெரிஞ்சுக்கிட்டது நாப்பது அசைன்மென்ட்டு ஒரே மாதிரி ஆரம்பிச்சப்போ. அதைப் பத்தி எச்சரிக்கையா இருக்கச் சொல்லி நீங்க ஒரு சுற்றறிக்கை விட்டீங்களே, அதையே சாட்ஜிபிடிகிட்டத்தான் எழுதி வாங்கினீங்கன்னு என்ற மனசுக்குப் படுது. உங்க கிளார்க்கு எழுதினா அத்தனை மரியாதையா இருக்காது.

போதும். உன்ற மோரும் ஆச்சு, என்ற நாயமும் ஆச்சு. இந்தா, என்ற போனு. சொசைட்டில பால் பணம் பேங்குக்குப் போட்டுட்டதாச் சொல்றாங்க, வந்துச்சா இல்லையான்னு எப்படிப் பார்க்கறது?

ஏ, ஏ... பார்த்தியா! புடுங்கிட்டே! டக்கு டக்குன்னு நாலு தட்டுத் தட்டி, 'வந்துருச்சுங்க அப்பிச்சி'ன்னு திருப்பிக் குடுக்கறே. நாளைக்கு நீ காலேஜுக்குப் போயிருவே, நான் யார்கிட்டப் போறது, உன்ற அம்மிச்சிகிட்டயா? இக்கட்டக் குடு. ரெண்டு கையையும் பின்னால கட்டிக்க. வாயில மட்டும் சொல்லு.

எங்க? இந்த நீலமா? செரி. அமுக்கிட்டேன். ஏதோ சுத்துது. நாலு எண்ணுக் கேக்குது... ம், போட்டாச்சு, நீ அக்கட்டப் பாரு, பார்க்காத. இப்ப என்னமோ 'அனுமதிக்கவா'ங்குது. அனுமதிக்கலாமா?

கையைப் பின்னால கட்டுன்னு சொன்னேன்ல.